விலை பேசியவனின் விலை: ‘தி வயர்’ தொடரில் ஒரு மரணம்

2004 டிசம்பர் 12 அன்று எச்பிஓ தொலைக்காட்சியில் ‘தி வயர்’ தொடரின் மூன்றாம் சீசனுடைய 11ஆம் எபிசோட் ஒளிபரப்பானது. ‘மிடில் கிரவுண்ட்’ என்பது அதன் பெயர். அதன் முடிவில், பாதி கட்டி நிற்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் ஸ்ட்ரிங்கர் பெல் சுட்டுக் கொல்லப்படுகிறான். மூன்று சீசன்களாகப் போலீஸ் துரத்திய ஆள் அவன்; பார்வையாளர்கள் வெறுத்தும் ரசித்தும் பின்தொடர்ந்த பாத்திரம். இட்ரிஸ் எல்பா என்ற லண்டன் நடிகரை உலகறியச் செய்த வேடமும் அதுதான். ஆனால் அந்தச் சீசன் அங்கே முடியவில்லை. இன்னும் ஒரு எபிசோட் மிச்சம் இருந்தது.

இவ்வளவு பெரிய மரணத்தைக் கடைசி எபிசோடுக்கு ஒதுக்காமல் ஒரு வாரம் முன்னதாகவே ஏன் செலவழித்தார்கள்? கடைசியில் வைத்திருந்தால் அந்தக் கொலை ஒரு தீர்ப்பாகியிருக்கும்: கெட்டவன் செத்தான், கதை முடிந்தது. ஒரு வாரம் முன்னால் வைத்ததால் அது கணக்கில் எழுதப்படும் ஒரு வரவு செலவாக மாறுகிறது. மறுநாளும் கடை திறக்கிறது. ‘மிடில் கிரவுண்ட்’ முழுவதுமே பேரங்களால் ஆனது. வன்முறையை விட்டு வியாபாரத்துக்கு வர நினைத்தவனை வன்முறை பழிவாங்கியது என்றுதான் இந்த மரணத்தைப் பலரும் படிக்கிறார்கள். அவனைக் கொன்றது அவன் நம்பிய வியாபாரமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடரும் ஊரும்

‘தி வயர்’ 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஐந்து சீசன்களில் 60 எபிசோட்களாக வந்தது. களம் மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் நகரம். உருவாக்கிய டேவிட் சைமன் ‘பால்டிமோர் சன்’ நாளிதழில் பல ஆண்டுகள் குற்றச் செய்தியாளராக இருந்தவர். கொலைப் புலனாய்வுப் பிரிவோடு ஓராண்டு கூடவே இருந்து எழுதிய ‘ஹோமிசைட்’ நூல் 1991இல் வெளியானது. உடன் உழைத்த எட் பர்ன்ஸ் அதே நகரத்தின் போலீஸ் துறையில் துப்பறிவாளராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியரானவர்.

ஊருக்கும் தொடருக்கும் இடையிலான கோடு மெல்லியது. ‘லிட்டில் மெல்வின்’ என்று அறியப்பட்ட மெல்வின் வில்லியம்ஸ் பால்டிமோரின் பெரிய ஹெராயின் வியாபாரி. 1984இல் அவரைப் பிடித்த புலனாய்வில் எட் பர்ன்ஸ் முக்கியப் பங்கு வகித்தார். அந்தச் சாம்ராஜ்யத்தைப் பற்றிச் சைமன் 1987இல் நாளிதழில் ஒரு தொடர் எழுதினார். தண்டனை முடிந்து வெளியே வந்த அதே மெல்வின் வில்லியம்ஸ், ‘தி வயர்’ மூன்றாம் சீசனில் தேவாலய டீக்கனாக நடித்தார். பிடித்தவரும் எழுதியவரும் பிடிபட்டவரும் ஒரே தொடரில் சேர்ந்து வேலை செய்தார்கள்.

இன்னொருவர் கர்ட் ஷ்மோக். 1987 முதல் 1999 வரை பால்டிமோரின் மேயர். போதைப்பொருளைக் குற்றமாக அல்ல, பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்ப்பதைப் பற்றி விவாதிக்க வேண்டும் என்று 1988இல் வெளிப்படையாகப் பேசி, நாடு முழுவதும் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர். மூன்றாம் சீசனில் கற்பனை மேயருக்கு ஆலோசனை சொல்லும் சுகாதார அதிகாரியாக அவரே திரையில் வருகிறார். போதைச் சந்தையைப் போலீஸே கண்டும் காணாமல் விடும் ஒரு பகுதி இந்தச் சீசனின் மறுபாதிக் கதை என்பதால், இந்தத் தேர்வு வெறும் விளையாட்டல்ல.

கடைசிக்கு முந்தைய இடம்

அமெரிக்க இலவச ஒளிபரப்புச் சேனல்கள் விளம்பர வருமானத்தை நம்பி வாழ்ந்தவை. வசந்த காலத்தில் சீசன் முடியும்போது பார்வையாளரை அந்தரத்தில் தொங்கவிட்டால்தான் இலையுதிர் காலத்தில் திரும்பி வருவார். ‘டல்லஸ்’ தொடர் 1980 மார்ச்சில் அதன் முக்கியப் பாத்திரமான ஜே.ஆர். சுடப்படுவதோடு சீசனை முடித்து, சுட்டது யார் என்பதை நவம்பரில் சொன்னது இதற்குப் பேர்போன உதாரணம். எச்பிஓ சந்தாவில் ஓடும் நிறுவனம். அங்கே 12 அல்லது 13 எபிசோட்கள் ஒரே கதையாகச் சேர்ந்து நகரலாம்; உச்சத்தைக் கடைசி நிமிடம்வரை பொத்திவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதே 2004 மே 23 அன்று, ‘தி சோப்ரானோஸ்’ தொடரின் ஐந்தாம் சீசனில் ஏட்ரியானா என்ற பாத்திரம் கொல்லப்பட்டதும் 13இல் 12ஆவது எபிசோடில்தான்.

‘தி வயர்’ இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டது. ஐந்து சீசன்களிலும் கடைசிக்கு முந்தைய எபிசோடை எழுதியவர் ஒரே ஆள்: வாஷிங்டன் நகரத்துக் குற்றப் புனைகதை எழுத்தாளர் ஜார்ஜ் பெலகானோஸ். முதல் சீசனில் வாலஸ் என்ற சிறுவன் தன் சொந்த நண்பர்கள் கையால் சாகிறான். இரண்டாம் சீசனில் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் சபோட்கா பாலத்தடியில் தன்னைக் கொல்லப் போகிறவர்களை நோக்கி நடக்கிறார். கொலையைக்கூட நமக்குக் காட்டுவதில்லை. நான்காம் சீசனில் போதைக்கு அடிமையான பபிள்ஸ் வேறொருவனுக்கு வைத்த விஷத்துக்கு அவன் அரவணைத்த பையன் ஷெராட் பலியாகிறான். ஐந்தாவதில் ஸ்னூப் என்ற கொலையாளியைச் சுட்டுவிட்டு மைக்கேல் என்ற பையன் தன் தம்பியையும் நண்பனையும் பிரிகிறான். ஒவ்வொரு முறையும் அடி முதலில் விழுகிறது. அடுத்த வாரம், அந்த அடியால் எதுவும் மாறவில்லை என்பதைக் காட்டுவதற்காக.

இந்த வரிசையில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. முதல் சீசனில் வாலஸைக் கொல்லச் சொன்னவன் ஸ்ட்ரிங்கர். சிறுவன் போலீஸிடம் வாய்திறந்துவிடுவான் என்பது அன்று அவன் போட்ட கணக்கு. இரண்டு சீசன் கழித்து, அதே இடத்தில் வரும் எபிசோடில், அவன் பெயரும் ஒரு கணக்கில் ஏறுகிறது.

ஸ்ட்ரிங்கரின் திட்டம்

ஏவன் பார்க்ஸ்டேலும் ஸ்ட்ரிங்கர் பெல்லும் மேற்கு பால்டிமோரில் ஒன்றாக வளர்ந்து, ஒரு போதைக் கும்பலைச் சேர்ந்து நடத்துபவர்கள். ஏவனுக்குத் தெரு முனைகள்தான் சொத்து. ஸ்ட்ரிங்கருக்கு அவை வெறும் விற்பனை நிலையங்கள். அவன் சமுதாயக் கல்லூரியில் பொருளாதார வகுப்புக்குப் போகிறான். தெருப் பையன்களைக் கூட்டி, கை தூக்கி அனுமதி வாங்கிப் பேசும் கூட்ட ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கிறான். ஊரின் மற்ற வியாபாரிகளோடு சேர்ந்து மொத்தமாகச் சரக்கு வாங்கும் ஒரு கூட்டுறவு அமைப்பில் சேர்கிறான். பி அண்ட் பி என்ற நிறுவனத்தின் பெயரில் கட்டட வேலைகளில் இறங்குகிறான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் விற்பனை படுக்கும். ஆகவே சத்தமில்லாமல் விற்போம் என்பது அவன் கட்சி.

இதற்காக அவன் செய்த காரியங்கள் சுத்தமானவையல்ல. ஏவன் சிறையில் இருந்தபோது, அவனுடைய அக்காள் மகன் டிஏஞ்சலோவைச் சிறைக்குள்ளேயே தீர்த்துக்கட்ட ஏற்பாடு செய்து, தற்கொலை போலத் தோன்றவைத்தான். ஏவனுக்குத் தெரியாமல் கிழக்குப் பகுதி வியாபாரி புரொபொசிஷன் ஜோவோடு உடன்பாடு செய்துகொண்டான். அந்த உடன்பாட்டுக்குக் குறுக்கே வந்தவன் பிரதர் மௌசோன்: ஏவன் நியூயார்க்கிலிருந்து வரவழைத்த, வில் டையும் கண்ணாடியும் அணிந்த கூலிக் கொலையாளி. போதை வியாபாரிகளிடம் கொள்ளையடித்து வாழும் ஒமார் லிட்டிலின் காதலனைச் சித்திரவதை செய்து கொன்றது மௌசோன்தான் என்று ஒமாரிடமே ஒரு பொய்யை விற்றான் ஸ்ட்ரிங்கர். ஒமார் மௌசோனைச் சுட்டான். பேசிப் பார்த்ததில் பொய் விளங்கியது. உயிரோடு விட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தான். மலிவாக முடிந்த வேலை என்று ஸ்ட்ரிங்கர் நினைத்த அந்தப் பொய்க்குத்தான் 11ஆம் எபிசோடில் வட்டியோடு வசூல் நடக்கிறது.

முறையான உலகமும் அவனை ஏமாற்றுகிறது. அரசு மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லி மாநில செனட்டர் கிளே டேவிஸ் இரண்டரை லட்சம் டாலரைக் கறந்துவிடுகிறார். லஞ்சம் யாருக்கும் போகவில்லை, வாங்கியவரே வைத்துக்கொண்டார் என்பது தெரிந்ததும் ஸ்ட்ரிங்கர் செய்ய விரும்பும் முதல் காரியம், செனட்டரைக் கொல்வது. கும்பலின் அடியாள் ஸ்லிம் சார்ல்ஸ் மிரண்டுபோகிறான். ஏவனுக்குச் சிரிப்பு வருகிறது. தெருவை விட்டு வெளியேறப் பாடுபட்டவன் ஒரு மோசடிக்கு முன்னால் தெருக்காரனாகவே நிற்கிறான். தெருக்காரனான ஏவனோ அரசியல்வாதியைச் சுடக்கூடாது என்ற நடைமுறை அறிவோடு பேசுகிறான். இருவரும் இடம் மாறி நிற்கும் இந்தக் காட்சி, ஸ்ட்ரிங்கர் அறிவாளி, ஏவன் முரடன் என்ற எளிய பிரிவினையை உடைக்கிறது.

மூன்று பேரங்கள்

எபிசோட் தொடங்குவது இரவில், ஒரு சந்தில். பழைய வெஸ்டர்ன் படத்தில் வருவதுபோல ஒமாரும் மௌசோனும் துப்பாக்கியோடு எதிரெதிரே நிற்கிறார்கள். தங்கள் துப்பாக்கிகளின் குணத்தைப் பற்றித் தொழில்காரர்களின் மரியாதையோடு பேசிக்கொள்கிறார்கள். யாரும் சுடவில்லை. இருவரையும் ஏமாற்றியவன் ஒருவனே என்பதால் கூட்டுச் சேர்கிறார்கள்.

அடுத்து மௌசோன் ஏவனிடம் போகிறான். ஏவன் பணம் தந்து சரிக்கட்டப் பார்க்கிறான். மௌசோனுக்குப் பணம் வேண்டாம். அவன் வாதம் முழுக்க முழுக்க வணிக வாதம். ஏவனுடைய வாக்குக்கும் பெயருக்கும் மதிப்பு இருக்கும்வரைதான் நியூயார்க்கிலிருந்து சரக்கு வரும். அழைத்து வந்த ஆளைத் தன் பக்கத்தவனே சுடவைத்தான் என்ற சொல் பரவினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். சந்தையில் நற்பெயர்தான் முதல் என்று ஸ்ட்ரிங்கரின் பொருளாதார ஆசிரியரும் சொல்லியிருப்பார். சிறுவயது நண்பனா, நியூயார்க் தொடர்பா என்ற கேள்வி ஏவன் முன் வைக்கப்படுகிறது. ஏவனாக நடிக்கும் வுட் ஹாரிஸ் அந்த இடத்தில் முகத்தை அதிகம் அசைக்காமல், கண்ணால் மட்டும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்.

இதே நேரத்தில் ஸ்ட்ரிங்கரும் ஒரு பேரத்தில் இருக்கிறான். ஒரு கல்லறைத் தோட்டத்தில் போலீஸ் மேஜர் பன்னி கோல்வினைச் சந்தித்து, ஏவன் ஆயுதங்களோடு பதுங்கியிருக்கும் வீட்டின் முகவரியைக் கொடுக்கிறான். போட்டி வியாபாரியான மார்லோ ஸ்டான்ஃபீல்டோடு ஏவன் நடத்தும் முனைச் சண்டை வியாபாரத்தைக் கெடுக்கிறது. பரோலில் இருக்கும் ஏவன் ஆயுதத்தோடு பிடிபட்டால் சில ஆண்டுகள் உள்ளே போவான், சண்டை நிற்கும். அவன் உனக்கு ஏதோ செய்திருக்க வேண்டும் என்று கோல்வின் கேட்கும்போது, அப்படி எதுவுமில்லை, இது வெறும் வியாபாரம் என்கிறான் ஸ்ட்ரிங்கர்.

பிறகு அந்தப் பால்கனிக் காட்சி. ஏவனின் அடுக்ககத்தில், பால்டிமோர் துறைமுகத்தின் விளக்குகளைப் பார்த்தபடி இருவரும் மது அருந்துகிறார்கள். ஒருவர் மற்றவரை விற்றுவிட்டது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பேச்சு சிறுவயதுத் திருட்டுகளுக்குப் போகிறது. ஸ்ட்ரிங்கர் ஒருமுறை ஒரு பூப்பந்து செட்டைத் திருடினான் என்று நினைவுபடுத்தி ஏவன் சிரிக்கிறான்: வீட்டுக்கு முற்றம்கூட இல்லை, அதை வைத்து என்ன செய்யப் பார்த்தாய்? பெலகானோஸ் வைத்திருக்கும் இந்தச் சின்னப் பொருள் ஸ்ட்ரிங்கரின் முழு வாழ்க்கைக்கும் சாவி. நிலம் உள்ளவர்கள் விளையாடும் விளையாட்டின் கருவியை நிலம் இல்லாத பையன் எடுத்துக்கொண்டு ஓடினான். வளர்ந்தபின் செய்ததும் அதுதான். கருவிகள் கைக்கு வந்தன, ஆட்டம் நடக்கும் இடத்தில் அவனுக்கு இடமில்லை. கீழே தெரியும் துறைமுக நிலத்தை அந்தக் காலத்திலேயே வாங்கிப் போட்டிருக்கலாமே என்று அவன் கணக்குப் போடுகிறான். கொஞ்சநேரம் கனவு காண விடு என்கிறான் ஏவன். இனிக் கனவு தேவையில்லை, கையால் தொடக்கூடிய சொத்து நம்மிடம் இருக்கிறது என்பது ஸ்ட்ரிங்கரின் பதில்.

விடைபெறும் தறுவாயில் ஏவன் மறுநாள் நிகழ்ச்சியைச் சாதாரணமாக விசாரிக்கிறான். ஸ்ட்ரிங்கர் கட்டட இடத்தையும் நேரத்தையும் சொல்கிறான். கட்டிப்பிடிக்கும்போது ஏவன் வாயிலிருந்தும் அதே சொல் வருகிறது: எல்லாம் வியாபாரம்தான். ஆளுக்கொரு முறை சொல்லப்படும் அந்தச் சொல், கொலைக்கு வேண்டிய இரண்டு கையெழுத்துகளையும் பூர்த்தி செய்துவிடுகிறது.

கட்டடத்துக்குள்

மறுநாள் ஸ்ட்ரிங்கர் கட்டட ஒப்பந்தக்காரர் ஆண்டி கிராவ்சிக்கோடு வேலை தாமதத்தைப் பற்றி வாக்குவாதத்தில் இருக்கும்போது ஒமார் நுழைகிறான். காவலாள் விழுகிறான். ஸ்ட்ரிங்கர் மேல்மாடிக்கு ஓடுகிறான், எதிர்முனையில் மௌசோன். முன்னும் பின்னும் துப்பாக்கி.

தான் இப்போது அந்தத் தொழிலில் இல்லை என்று முதலில் சொல்லிப் பார்க்கிறான். பிறகு பணத்துக்கு வருகிறான். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் ஒரு தொகை உண்டு என்று நம்பியவனுக்கு வேறு பேச்சு வராது. ஒமாரின் பதிலில் இரண்டு செய்திகள். இது பணக்கணக்கு இல்லை. உன்னைக் காட்டிக்கொடுத்தது உன் ஆள்தான், அதற்காக அவனைச் சித்திரவதைகூடச் செய்யவேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டாவது செய்தியில் ஒமாரின் செத்துப்போன காதலனும் இருக்கிறான். அதைக் கேட்டதும் ஸ்ட்ரிங்கரின் முகம் மாறுகிறது. பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு, முடித்துத் தொலை என்கிறான்.

‘தி வயர்’ தன் காட்சிகளுக்குப் பின்னணி இசை சேர்ப்பதில்லை. கதைக்குள்ளிருக்கும் வானொலியிலிருந்தோ காரிலிருந்தோ வந்தால்தான் பாட்டு. சீசன் முடிவில் வரும் தொகுப்புக் காட்சிகள் மட்டும் விதிவிலக்கு. ஆகவே இங்கே சோகத்தைச் சொல்லித்தர வயலின் இல்லை. வெறும் கட்டடத்தில் எதிரொலிக்கும் வெடிச்சத்தம் மட்டும். முதலில் எழுதப்பட்ட திரைக்கதையில் ஒமார் பிணத்தின்மீது சிறுநீர் கழிப்பதாக இருந்ததென்றும், தான் அதை ஏற்க மறுத்ததாகவும் எல்பா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த அவமானம் சேர்ந்திருந்தால் காட்சி பழிவாங்கலின் பக்கம் சாய்ந்திருக்கும். இப்போதிருக்கும் வடிவத்தில் அது ஒரு கடன் தீர்ப்பின் வறட்சியோடு நிற்கிறது.

அடுத்த வாரம்

இதே எபிசோடில் போலீஸ் வெல்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்க்ஸ்டேல் கும்பல் அடிக்கடி வீசிவிடும் மலிவு செல்போன்களைப் பயன்படுத்துவதால் ஒட்டுக்கேட்க முடியாமல் திணறிய துப்பறிவாளர் லெஸ்டர் ஃபிரீமன், தானே ஒரு மோசடி வியாபாரியாக வேடம் கட்டி, ஏற்கெனவே ஒட்டுக்கேட்புக்கு வழிசெய்த போன்களை அந்தக் கும்பலுக்கே விற்றுவிடுகிறார். இங்கேயும் பேரம்தான். மூன்று சீசன்களாகத் தேடிய ஸ்ட்ரிங்கரின் குரல் ஒருவழியாகச் சிக்குகிறது. துப்பறிவாளர் மெக்நல்டி கொண்டாடும் வேளையில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் மண்ணுக்குப் போகத் தயாராகிறான்.

‘மிஷன் அக்காம்ப்ளிஷ்டு’ என்ற 12ஆம் எபிசோட், டிசம்பர் 19 அன்று, இந்த மரணத்தின் பலன்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. பிணத்தருகே நிற்கும் மெக்நல்டிக்கு, தன்னிடம் மாட்டிக்கொண்டது ஸ்ட்ரிங்கருக்குத் தெரியாமலே போய்விட்டது என்பதுதான் துக்கம். ஸ்ட்ரிங்கரின் வீட்டு அலமாரியில் ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ இருப்பதைப் பார்த்து, தான் துரத்தியது யாரை என்றே குழம்புகிறான். கொன்றது மார்லோ என்று நம்பும் பார்க்ஸ்டேல் ஆட்கள் சண்டைக்குத் துடிக்கிறார்கள். உண்மை தெரிந்த ஏவனுக்கோ சண்டையில் மனமில்லை. பொய்யே ஆனாலும் அந்தப் பொய்யின்மேல் நின்று சண்டை போடவேண்டியதுதான் என்று ஸ்லிம் சார்ல்ஸ் அவனுக்குச் சொல்கிறான். பிறகு போலீஸ் பதுங்கு வீட்டுக்குள் நுழைகிறது. தகவல் தந்தவன் யார் என்பதை வாரண்டிலேயே ஏவன் படித்துத் தெரிந்துகொள்கிறான். முனைகள் மார்லோவுக்குப் போகின்றன. ஸ்ட்ரிங்கர் எதற்காக ஏவனை விற்றானோ அதுவும் நடக்கவில்லை. ஏவன் எதற்காக ஸ்ட்ரிங்கரை விற்றானோ அந்த நியூயார்க் தொடர்பும் பயன்படவில்லை. இரண்டு விற்பனையிலும் விற்றவனுக்கு நட்டம்.

கோல்வினின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. ஆளில்லாத தெருக்களில் போதை விற்பனையைக் கண்டுகொள்ளாமல் விட்டு, மற்ற குடியிருப்புகளுக்கு நிம்மதி தேடிக்கொடுத்தவர் அவர். அந்தப் பகுதிக்குப் பையன்கள் வைத்த பெயர் ஹாம்ஸ்டர்டாம். 11ஆம் எபிசோடில் நகரமன்ற உறுப்பினர் கார்செட்டியை அவர் முதலில் அமைதி திரும்பிய தெருவுக்கும் பிறகு ஹாம்ஸ்டர்டாமுக்கும் அழைத்துப் போகிறார். மேயர் ராய்ஸ் அதை உடனே மூடாமல், குற்ற எண்ணிக்கை குறைந்ததை அரசியல் லாபமாக்க முடியுமா என்று யோசிக்கிறார். அடுத்த வாரம் புல்டோசர் வருகிறது. கோல்வின் பதவி இறக்கப்பட்டு, குறைந்த ஓய்வூதியத்தோடு அனுப்பப்படுகிறார். கல்லறைத் தோட்டத்தில் சந்தித்த இருவருமே தங்கள் அமைப்பை உள்ளிருந்து திருத்தப் பார்த்தவர்கள். ஒருவன் கொலைகாரன், மற்றவர் நல்ல அதிகாரி என்ற வேறுபாட்டைத் தொடர் மழுப்பவில்லை. இருவரின் அமைப்பும் அவர்களைக் கையாண்ட விதத்தில் வேறுபாடில்லை என்பதை மட்டும் காட்டுகிறது. தன் தொடரைக் கிரேக்கத் துன்பியலோடு ஒப்பிட்டு, கடவுளரின் இடத்தில் நவீன நிறுவனங்கள் இருப்பதாகச் சைமன் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒப்பீடு மிகத் தெளிவாகப் பொருந்துவது இந்த எபிசோடுக்குத்தான்.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். வாலஸையும் டிஏஞ்சலோவையும் கொல்லச் சொன்னவனுக்கு இத்தனை கம்பீரமான சாவு தரலாமா, அவனைத் துன்பியல் நாயகனாக்குவது பலியானவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா என்று கேட்கலாம். எல்பாவின் தோற்றமும் குரலும் இந்தக் கேள்வியை வலுவாக்குகின்றன. ஆனால் எபிசோட் அவனை மன்னிக்கவில்லை. அவன் சாவுக்கு இட்டுச்சென்ற ஒவ்வொரு கண்ணியும் அவனே பூட்டியது: ஒமாரிடம் விற்ற பொய், ஏவனிடம் மறைத்த உடன்பாடு, வாக்குக்கும் பெயருக்கும் போட்ட குறைந்த மதிப்பு. நமக்கு அவன்மேல் வரும் இரக்கம், அவன் நல்லவனாகிக்கொண்டிருந்தான் என்பதால் அல்ல. தன்னைக் கொல்லும் விதிகளை இவ்வளவு ஆர்வமாகப் படித்தும் கடைசிப் பாடம் அவனுக்குப் பிடிபடவில்லை என்பதால்.

‘மிடில் கிரவுண்ட்’ 2005இல் எழுத்துக்கான எம்மி பரிந்துரையைப் பெற்றது. விருது ‘ஹவுஸ்’ தொடருக்குப் போனது. ‘தி வயர்’ தன் ஐந்து சீசன்களில் ஒரு எம்மிகூட வாங்கவில்லை. குற்றத் தொடருக்கு அது விட்டுச்சென்றது வேறொன்று. யார் கொன்றது என்ற கேள்வியை வைத்தே ஓடிய ஒரு வகைமையில், கொலையாளி, காரணம், நேரம், இடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட்டு, இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்க வைத்தது. கடைசிக்கு முந்தைய இடத்தில் அந்தக் கொலையை வைத்ததால்தான் அக்கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு முழு எபிசோட் கிடைத்தது. பதிலும் கிடைத்தது: லாபம் மார்லோவுக்கு.